தேன் இல்லாத மாதங்கள்

(பாறசாலை வட்டாரத்து வாசகசாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தேனீ வளர்ப்பு பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நோட்டீஸில் ‘தேனீ வளர்த்து லட்சங்கள் சம்பாதியுங்கள்’ என்று அச்சடிக்காமல் விட்டார்களே, அதற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும். அப்படி அச்சடித்த கூட்டங்களில் கடைசியில் சம்பாதிக்கிறவர் பெரும்பாலும் பெட்டி விற்க வந்தவராகத்தான் இருப்பார்.

நான் பேசப்போவது பத்து சென்ட், இருபது சென்ட், மிஞ்சினால் ஐம்பது சென்ட் விளை வைத்திருப்பவர்களுக்காக. களியக்காவிளையிலிருந்து அமரவிளை வரைக்கும், கிழக்கே பனச்சமூடு, வெள்ளறடை வரைக்கும் நம் வீடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாலு தென்னை, ஒரு பலா, கிணற்றங்கரையில் ஏத்தன் வாழை, கொஞ்சம் மரச்சீனி, மரத்தில் ஏறிக் கிடக்கும் நல்லமிளகு, பின்பக்கம் ஒரு கோழிக்கூடு. அங்கே மூன்று தேன்பெட்டி வைத்தால் என்ன நடக்கும்? நம்மூரில் தேனைக் கொடுப்பது ரப்பர். ஆனால் தேனீயைச் சாகாமல் காப்பாற்றுவது அந்தப் பத்து சென்ட் விளை. இதை மறந்தவர்களின் பெட்டிகள்தான் விறகுப்புரையில் காலியாகக் கிடக்கின்றன.

முதலில் கொஞ்சம் பழங்கதை. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஊர் இருந்த விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நம் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் இரண்டும் ஒரே திருவிதாங்கூர். அந்தக் காலத்தில், 1920-களில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராம மறுசீரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். கோழி வளர்ப்பு, முட்டை விற்பனை, கைத்தொழில் என்று பல வேலைகள் அங்கே நடந்தன. வேரூன்றி இன்றுவரை நிற்பது தேனீ வளர்ப்பு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருச்சியில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்றபடி சின்னதாக ஒரு பெட்டியை வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார். மேல்நாட்டுப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தால் நம் தேனீ அதற்குள் குடியிருந்திருக்காது. அடைக்கும் அடைக்கும் நடுவில் விடும் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் அது குறுக்கே அடை கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும். நியூட்டன் பெட்டியும் அதை ஒட்டி எழுந்த மார்த்தாண்டம் பெட்டியும் அந்த அளவைச் சரியாகப் பிடித்தன.

அதற்கு முன்பு நம் பாட்டன்மார் தேன் எடுத்தது எப்படி? மரப்பொந்திலோ மண்சுவர் ஓட்டையிலோ கூடு இருந்தால் பந்தம் கொளுத்திப் புகை போட்டு, அடையைப் பிய்த்துத் துணியில் கட்டிப் பிழிவார்கள். தேனோடு புழுவும் சேர்ந்து பிழியப்படும். அத்தோடு அந்தக் கூட்டின் கதை முடிந்தது. சட்டம் வைத்த பெட்டியும் சுழற்றித் தேன் பிரிக்கும் டிரம்மும் வந்தபிறகுதான் தேனை எடுத்துக்கொண்டு அடையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. நூறு வருஷத்தில் இந்தத் தொழிலில் நடந்த பெரிய மாற்றம் இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

சரி, ரப்பருக்கு வருவோம். ரப்பர் பூவில் தேன் எடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். செம்பு நிறத்தில் வரும் துளிர் பச்சைக்கு மாறும் சமயத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். கடுகு அளவில் சுரப்பிகள் தெரியும். காலை வெயிலில் அங்கே தேன்துளி மினுக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் தேன் முழுக்க அங்கிருந்து வருகிறது. அந்த நேரத்தில் விடாமல் பனி மூட்டமாக இருந்தாலும், மழை பெய்தாலும், துளிரில் சாம்பல்நோய் விழுந்தாலும் அந்த வருஷத் தேன் போயிற்று. நல்ல வருஷத்தில், நன்றாகப் பார்த்துக்கொண்ட பெட்டியில் 8 முதல் 10 கிலோ எடுக்கலாம். கூடுதலாகவும் எடுப்பவர்கள் உண்டு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கேரளத்து ரப்பர் தோட்டங்களில் வரிசையாக வைப்பது இந்த மூன்று மாதத்துக்காகத்தான்.

ஆனால் ரப்பர் இலை மகரந்தம் தராது. தேன், தேனீக்குச் சக்தி கொடுக்கும். புழு வளர வேண்டுமானால் மகரந்தம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? உங்கள் தென்னையிலிருந்து. மாதம் ஒரு பாளை விரிக்கும் மரம் வேறு எது இருக்கிறது? அப்புறம் நாம் காலால் மிதித்துப் போகிற தொட்டாற்சிணுங்கி. மழைக்காலத்துக் காலையில் அந்த இளஞ்சிவப்புப் பூப்பந்து ஒவ்வொன்றிலும் தேனீ நிற்கும். வேலியில் படரும் பவளக்கொடி, முருங்கை, தும்பை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். நம் நாட்டுத் தேனீ கூட்டிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் இரை தேடிப் போவது அபூர்வம். ஆகவே உங்கள் விளையிலும் அடுத்த இருபது வீட்டு விளைகளிலும் என்ன பூக்கிறதோ அதுதான் அதன் சாப்பாடு. முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்து, ஓரத்தில் ரெண்டு குரோட்டன்ஸ் வைத்தால் வீடு பார்க்க லட்சணமாக இருக்கலாம், தேனீக்கு அது பாலைவனம்.

இடவப்பாதி மழை தொடங்கினால் பட்டினிக்காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ரப்பர் கொடுக்காது, மழையில் வெளியே போகவும் முடியாது, சேர்த்து வைத்த தேனை மார்ச்சில் நாம் வழித்து எடுத்துவிட்டோம். இத்தாலியத் தேனீயாக இருந்தால் பெட்டிக்குள்ளேயே கிடந்து சாகும். நம்முடையது அப்படிச் செய்யாது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. ராணியோடு மொத்தமாகக் கிளம்பிப் போயிருக்கும். ‘தேனீ நமக்கு ராசியில்லை’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கர்க்கடக மழையில் சாப்பாடு போடவில்லை, அவ்வளவுதான்.

எப்படிப் போடுவது? சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகு. ஒரு சிரட்டையில் ஊற்றி, தேனீ முங்கிச் சாகாதபடி நாலைந்து ஈர்க்குச்சிகளைக் குறுக்கே போட்டு, சாயங்காலம் இருட்டும் நேரத்தில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மூன்று பெட்டி இருந்தால் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ வெளியில் சொட்டினாலோ பலமான கூடு பலவீனமான கூட்டைக் கொள்ளையடிக்கும். அந்தக் கொள்ளை தொடங்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். வாரம் ஒருமுறை, மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் பத்து மணி வாக்கில், காய்ந்த தேங்காய்க் கதம்பையைக் கொஞ்சம் புகைத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதலில் அடிப்பலகை. அதில் மெழுகுத்தூள் குவிந்திருந்தால் மெழுகுப்பூச்சி முட்டையிட்டிருக்கும். அடைக்குள் வெள்ளை நூலால் சுரங்கம் பின்னிக்கொண்டு அதன் புழு போகும். தேனீ மூடாமல் காலியாக விட்ட அடைகளை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். அடுத்து பெட்டியின் கால். நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். அதில் ஒரு சருகு விழுந்து பாலமாகக் கிடந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக எறும்பு ஏறிவிடும். அரைமணி நேர வேலை. கோழிக்குத் தீவனம் போடுவதைவிடக் குறைவு. ஆனால் தவறாமல் செய்ய வேண்டும்.

இந்தப் பக்குவமெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தும் ஒருமுறை எல்லாம் அழிந்தது. வயதானவர்கள் தலையாட்டுகிறீர்கள், நான் சொல்ல வருவது புரிந்துவிட்டது. 1991, 92. தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் நோய். தாய்லாந்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். வடகிழக்கு இந்தியா வழியாக நாட்டுக்குள் வந்து, கடைசியில் நம் தெற்கு மூலைக்கும் வந்து சேர்ந்தது. வளர்ந்த தேனீயில் அது வெளியே தெரியாது. அறை மூடப்படும் பருவத்துப் புழு, தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே செத்துக் கிடக்கும். ஊசியால் மெல்ல எடுத்தால் தோல் மட்டும் பைபோல நீர் கோத்து வெளியே வரும். புதுத் தலைமுறை பிறக்காது, பழையது வயதாகிச் சாகும், கூடு காலியாகும். கேரளத்தில் 90 சதவீதத்துக்குமேல் கூடுகள் போயின. வைரஸுக்கு மருந்து கிடையாது. நல்ல விலைக்கு வாங்கிய பெட்டிகளை அடுப்பில் வைத்து எரித்த வீடுகள் இந்தப் பக்கம் உண்டு.

அப்புறம் எப்படி மீண்டது? மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் யாரும் கவனிக்காமல் தப்பிப் பிழைத்திருந்த காட்டுக்கூடுகளிலிருந்து. நோயைத் தாங்கிய அந்தக் கூடுகளைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றித்தான் தொழில் மறுபடி எழுந்தது. அதனால்தான் சொல்கிறேன், ராணி ஈயை எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி எல்லோரும் ஒரே வகையை வளர்ப்பது ஆபத்து. உங்கள் பெட்டிகளில் எது நோயில்லாமல், ஓடிப்போகாமல், அதிகம் கொட்டாமல் நிற்கிறதோ அதைப் பிரித்துப் பெருக்குங்கள். துலாமழைக்கு இடையிலும் பிறகும் வெயில் வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்கான காலம். அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை அளவில் ராணி அறைகள் தொங்கும். முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறக்குறைய 16 நாள்.

இப்போது விளைக்குத் தேனீ என்ன தருகிறது என்று பார்ப்போம். காலை ஏழு மணிக்குப் பாகல் பந்தலுக்கு அடியில் நின்று பாருங்கள். ஆண்பூதான் நிறைய இருக்கும். பெண்பூவின் கீழே மட்டும் குட்டிப் பாகல் ஒன்று ஒட்டியிருக்கும். ஆண்பூவில் உருண்டு மஞ்சள்பொடி பூசிக்கொண்ட தேனீ பெண்பூவில் இறங்கினால்தான் அந்தக் குட்டி காயாகும். இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். வெள்ளரிக்கும் மத்தனுக்கும் இதே கதைதான். புடலைக்கு மட்டும் தேனீயால் பெரிய உபகாரம் இல்லை. அதன் பூ மாலை மயங்கித்தான் விரியும், அதை அந்துப்பூச்சி பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தேனீதான் காய்க்கவைக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன். பூச்சிமருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், அது வேப்பெண்ணெய்க் கரைசலாகவே இருந்தாலும், சூரியன் அடைந்த பிறகு அடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லுங்கள். நம் பெட்டியின் தேனீ அவர் தோட்டத்துக்குத்தான் போகிறது. அதற்குப் பிரதியாக மார்ச் மாதம் ஒரு குப்பித் தேன் அவர் வீட்டுக்குப் போவது மரியாதை. பெட்டியின் வாசல் அவர் நடைபாதையைப் பார்க்காமல் வைப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

கொட்டினால்? கிள்ளியோ நகத்தால் சுரண்டியோ, கொடுக்கைத் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் அதிலிருக்கும் விஷம் மேலும் உள்ளே இறங்கும். வீக்கம் பெரும்பாலும் சில நாளில் வடியும். ஆனால் ஒரே ஒரு கொட்டுக்கு மூச்சுத் திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ, மயக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவர் பெட்டிப் பக்கமே வரக்கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் பொன்னும் வயம்பும் தேனில் உரைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளரவைக்கும் விஷத்தைச் சுரக்கும். சொந்தப் பெட்டியில் எடுத்த சுத்தமான தேனுக்கும் இது பொருந்தும். பாட்டிமார்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் பாடு.

விற்பனைக்கு வருகிறேன். அதிகம் வயிறெரிவது இங்கேதான். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அதில் குளுக்கோஸ் அதிகம் என்பதால் சில வாரங்களிலேயே குப்பியின் அடியில் வெள்ளையாகக் கட்டி நிற்கும். வாங்கியவர் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘சீனிப்பாகு ஊற்றி ஏமாற்றிவிட்டாய்’ என்பார். அதே மனிதர் கடையில் மாதக்கணக்காக உறையாமல் நிற்கும் பொன்னிறத் தேனை நம்பி வாங்குவார். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத்தேன் மாதிரிகள் 22-ஐச் சோதித்த முடிவை வெளியிட்டது. எல்லாச் சோதனையிலும் தேறியவை 5 மட்டுமே. சோதனைக்கூடத்தையே ஏமாற்றும் சர்க்கரைப்பாகுகள் வந்துவிட்டன. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் சொட்டுவது, நாய் நக்குமா என்று பார்ப்பது, இந்த வீட்டுச் சோதனைகளால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. உறைந்த தேன் நல்ல தேன்தான். குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைக்காதீர்கள்.

உற்பத்தி செய்கிறவர்கள் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் மூடாத அடையைச் சுழற்றுகிறோம். தேனீ தன் சிறகால் விசிறி நீரை வற்றவைத்த பிறகே அறையை மெழுகால் மூடும். முக்கால்வாசியாவது மூடாத சட்டத்தை எடுத்தால் தேனில் நீர் அதிகம், ஒரு மாதத்தில் நுரைத்துப் புளித்து மூடியைத் தள்ளும். அந்தக் குப்பியை வாங்கியவர் அடுத்த முறை நம்மிடம் வரமாட்டார்.

2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அது குமரி மாவட்டத்துத் தேனுக்கு. அதே ரப்பர், அதே தேனீ, அதே பெட்டி என்றாலும் பாறசாலையில் எடுத்த தேனுக்கு அந்தப் பெயரை ஒட்ட முடியாது. சட்டப்படி அது சரிதான், அதில் எனக்கு வழக்கில்லை. நம் தேனுக்கு நம்மூர்ப் பெயரை ஒட்டி, எந்த மாதம் எடுத்தது, எந்த மரத்துத் தேன், உறையும் என்பதையும் சேர்த்து அச்சடித்து விற்றால் நாலு வருஷத்தில் வாடிக்கை உண்டாகும்.

கொட்டாத சிறுதேனீயைப் பற்றிக் கேட்பீர்கள். சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் கொசுத்தேனீ. மூங்கில் குழாயிலும் மண்சட்டியிலும் வளர்க்கலாம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு உகந்தது, பயிர்களுக்கும் நல்லது. வருஷத்துக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கும். வைத்தியர்கள் தேடி வாங்குவதால் விலை பல மடங்கு. பழைய வீட்டை இடிக்கும்போது சுவரில் அந்தக் கூடு இருந்தால் கொத்தனாரிடம் சொல்லிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதைச் செய்தாலே போதும்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசியில் யாரோ தேன் எடுப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு அப்போதே பெட்டி வாங்காதீர்கள். வாங்கிய மூன்றாம் மாதம் மழை வரும், கூடு ஓடிப்போகும். பாலராமபுரம் தாண்டினால் வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி. தேனீ ஆராய்ச்சிக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது, முதலில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். தேக்கு, அயனி, புன்னை, எந்த மரத்தில் பெட்டி செய்தாலும் சட்டத்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மழையிலேயே வேலியோரம் பவளக்கொடியை நட்டுவிடுங்கள். பெட்டியை ஐப்பசியில் வாங்கிக்கொள்ளலாம்.